மாடியில் அமைதி, கீழே தகரம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பீரோப் பட்டறை நடத்தும் தங்கை கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை, கட்டடம் மூவரும் நலம். அங்கு எல்லோரும் நலம்தானே.

மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் உளவியல் அம்மாவைப் பற்றி போனில் நான் பொரிந்து தள்ளியதையெல்லாம் தயவுசெய்து மறந்துவிடவும். காலி செய்யச் சொல்லி அவருக்கு எதுவும் எழுதிவிட வேண்டாம்.

மனதை அமைதியாக வைத்துக்கொள்ள அவர் வகுப்பு நடத்தப் போகிறார் என்று தெரிந்த அன்றே நான் கணக்குப் போட்டுவிட்டேன். மேலே அமைதி, கீழே தகரம். இரண்டில் ஒன்றை நீங்கள் வெளியேற்றித்தானே ஆகவேண்டும், படித்தவர் பேச்சுத்தானே எடுபடும் என்று நானாகவே முந்திக்கொண்டு சுத்தியலுக்குத் துணி சுற்றினேன். அது தகட்டைத் தட்டவில்லை, தடவிக் கொடுத்தது. அப்படிச் செய்த பீரோவை வாங்க வந்த வாத்தியார் ஒருவர் அதன் கதவைத் திறந்தார், மூட முடியவில்லை, போய்விட்டார். எனக்குத் தூக்கம் போச்சு. "உள்ளுக்குள்ளயே பொருமாதீங்க, மேல போய் நேரா கேட்டுடுங்க"ன்னு உங்க தங்கச்சி பிடிச்சுத் தள்ளினா. போனேன். கையில் சுத்தியல் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

கதவைத் தள்ளினால், அறை முழுக்க ஆட்கள் நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மீசைக்காரர் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், சுத்தியலைப் பார்த்தார், சத்தமில்லாமல் நாற்காலிக்குப் பின்னால் இறங்கிவிட்டார். அந்த அம்மா குரலை உயர்த்தவேயில்லை. "வந்திருக்கிறவர் கீழ்க்கடைக்காரர். பயம் வந்திருந்தா, வந்ததைக் கவனிங்க. அப்புறம் மூச்சுக்கு வாங்க" என்றார். மீசைக்காரர் இருந்த இடத்திலிருந்தே மூச்சுக்கு வந்தார்.

வகுப்பு முடிந்ததும் என்னிடம், "ஏன் தட்டுற சத்தத்தைக் குறைச்சிட்டீங்க?"ன்னாங்க.

"உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு."

"சத்தம் கேட்டா எரிச்சல் வருதா, வந்துட்டுப் போகுதான்னு பாக்கிறதும் பயிற்சிதாங்க. சத்தமே இல்லாத ரூம்ல மட்டும் பழகிட்டு வீட்டுக்குப் போனா, குக்கர் விசில்லயே எல்லாம் போயிடும்."

மச்சான், எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. மந்திரம் ஏதாவது உண்டான்னு கேட்டேன். "ஒண்ணும் இல்லைங்க. ஆராய்ச்சி பண்ணிப் பாத்ததுல நிறையப் பேருக்குக் கவலை குறைஞ்சிருக்கு. எல்லாருக்கும் குறையும்னு சொல்லமாட்டேன். உங்களுக்குச் சரிவரலைன்னா நானே நிறுத்தச் சொல்லிடுவேன்" என்றார். தன் சரக்கைப் பற்றி இப்படிப் பேசும் ஒருவரை நான் கண்டதில்லை. நம்பி உட்கார்ந்துவிட்டேன். மூச்சைக் கவனித்தேன், மனம் பீரோவுக்குப் போனது, கூட்டி வந்தேன், மறுபடி போனது. "போனதைக் கண்டுபிடிச்சீங்களே, அதுதான் பயிற்சி"ன்னாங்க. அன்றைக்கு நான் தூங்கிய தூக்கத்தில், மூச்சு இருக்கிறதா என்று உங்கள் தங்கை மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம்.

ஆகவே நீங்கள் யாரையும் வெளியேற்ற வேண்டாம். என் சத்தம் அவருக்குத் தொந்தரவே இல்லை. உங்கள் முதுகுவலி விலகட்டும், பிள்ளைகள் ஓங்கி வளரட்டும், அக்காவுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தட்டிக்கொண்டிருக்கும்
உங்கள் மைத்துனன்

பி.கு.: கடித உறையை ஒட்டும் நேரத்தில் மாடி அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். "தலைவலிங்க. கவனிச்சுப் பாத்தேன், ஏத்துக்கிட்டும் பாத்தேன், முடியல. இன்னைக்கு மட்டும் தட்டாம இருக்கீங்களா?" என்றார். கடையைச் சாத்திவிட்டேன். மேலே 'தொந்தரவே இல்லை' என்ற வரியை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். அதை அடித்துவிட்டால் மீதிக் கடிதம் எதற்கு என்று உங்கள் தங்கை கேட்கிறாள். யோசித்துச் சொல்லலாம் என்றால், தட்டும் சத்தம் இல்லாத அமைதியில் பட்டப்பகலில் எனக்குத் தூக்கம் வருகிறது.