அங்கீகரிக்கப்பட்ட வேகம்

பழைய இசைத்தட்டுகளை மறுபதிப்புச் செய்து குடிமக்களின் காதுகளை மேம்படுத்துவது என்று எங்கள் துறை ஒருமனதாகத் தீர்மானித்தது. சட்டைப்பையிலுள்ள போனிலேயே உலகத்துப் பாட்டெல்லாம் கிடைக்கிறது. ஆனாலும் கனமான கறுப்புத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, ஊசியை வைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவதுதான் இப்போது நாகரிகம். துறை மட்டும் பின்தங்கலாமா?

முதல் வெளியீட்டுக்கு ஒரு பாடகியின் பாட்டு தேர்வானது. இருபது வயதில் அந்த ஒரே தட்டைக் கொடுத்துவிட்டு, தையல்கடை வைத்துப் பள்ளிச் சீருடை தைக்கப் போய்விட்டவர். தொழிற்சாலைப் பொறியாளர் ஒரு யோசனை சொன்னார். பெரிய தட்டில் நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று வேகத்தில் பதித்தால் ஒலி துல்லியமாக இருக்குமாம். செலவு கூடும் என்றதும் துறை இயக்குநர் உடனே கையெழுத்துப் போட்டார்.

தட்டைக் கேட்டு அங்கீகரிக்க ஒரு குழு கூடியது. பிளேயரை இயக்கும் பொறுப்பு, இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ள எழுத்தராகிய எனக்கு. எங்களிடம் ஒரு பழைய சுற்றறிக்கை உண்டு: சின்னத் தட்டுக்கு நாற்பத்தைந்து, பெரிய தட்டுக்கு முப்பத்து மூன்று. இது பெரிய தட்டு. பொறியாளர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் சுற்றறிக்கையில் இயக்குநரின் முத்திரை இருந்தது. முப்பத்து மூன்றில் வைத்தேன்.

தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி குரல் தடித்து, இழுத்துக்கொண்டு வந்தது. குழுவில் ஒலிரசிகர் சங்கத் தலைவரும் இருந்தார். ஸ்பீக்கர் கம்பிக்கு மட்டும் ஒரு காரின் விலை கொடுத்தவர். செவிஞானி என்று பெயர் வாங்கியவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "என்ன ஆழம்" என்றார்.

அதற்குப் பிறகு தனக்கு ஆழம் தெரியவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? எல்லாருக்கும் தெரிந்தது. மூன்று நிமிடப் பாட்டு நான்கு நிமிடம் ஓடியதை, பொதுமக்களுக்கு ஒரு நிமிடம் கூடுதல் இன்பம் என்று கோப்பில் பதிவு செய்தோம்.

ஒரே ஒரு சிக்கல். கேட்பது ஆண்குரல், உறையிலோ பெண் பெயர். நல்லவேளையாகப் பழைய புகைப்படத்தில் பாடகியின் பக்கத்தில் மீசையோடு வயலின்காரர் நின்றிருந்தார். பாடியவர் அவரே என்று குழு கண்டுபிடித்தது. வாசித்துக்கொண்டே பாடியது அரிய திறமை என்றும் பாராட்டியது. அவர் காலமாகிவிட்டபடியால் மறுப்பு எதுவும் வரவில்லை. பாடகியின் பெயரை நீக்கி, 'வேகம்: முப்பத்து மூன்று' என்று உறையில் அச்சிட்டு வெளியிட்ட தட்டு ஒரே வாரத்தில் விற்றுத் தீர்ந்தது.

மறுவாரம் குழு கூடியிருந்தபோது பாடகியே அலுவலகத்துக்கு வந்தார். தையல் நாடா கழுத்தில் தொங்கியபடியே இருந்தது.

"எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு பாட்டுதான் சார். அதுல என் பேர் இருக்கட்டும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த சுவிட்சை நாற்பத்தஞ்சுக்குத் தள்ளுங்க."

தள்ளினேன். அறைக்குள் இருபது வயதுப் பெண் ஒருத்தி வந்து பாடினாள். கோப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நல்லாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் அவசரப்படுதே" என்றார் இயக்குநர்.

"ஆழம் போயிடுச்சு" என்றார் செவிஞானி.

"நான் பாடினதே இந்த வேகத்துலதான் சார்."

"அதுக்கு ஆதாரம் வேணுமேம்மா."

"நானே வந்து நிக்கிறேனே."

நேரில் வந்து நிற்பவரை ஆதாரமாக ஏற்க விதியில் இடமில்லை. ஆகவே குரல் சோதனை நடந்தது. அங்கீகரிக்கப்பட்ட வேகத்தில் ஓடிய தட்டோடு அவர் குரலை ஒப்பிட்டோம். பொருந்தவில்லை. மனுதாரர் அசலைவிட மூன்றில் ஒரு பங்கு வேகமாகப் பாடுகிறார் என்ற அறிக்கையை நானே தட்டச்சு செய்தேன். ஆனால் எங்கள் துறைக்கும் இரக்கம் உண்டு. வயலின்காரர் நினைவு விழாவில் மனுதாரர் பாடலாம். சபை அதை அசல் என்று ஏற்றால், அடுத்த பதிப்பில் பெயர் சேர்ப்பது பரிசீலிக்கப்படும்.

அரங்கு நிரம்பி வழிந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் தட்டை வாங்கியவர்கள். பாடகி தன் வேகத்தில் தொடங்கினார். வயதானாலும் குரல் சுத்தமாக இருந்தது. முன்வரிசை முகம் சுளித்தது. செவிஞானி, வழி தவறியவருக்கு வழி காட்டும் பரிவோடு, மெதுவாகக் கைதட்டித் தாளம் போட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள், பிறகு அரங்கு முழுவதும். பாடகி ஒரு வரி தாக்குப்பிடித்தார். அடுத்த வரியில் என்னைத் தேடிப் பார்த்தார். என் கைகளும் தட்டிக்கொண்டுதான் இருந்தன.

அவர் குரலைத் தாழ்த்தினார், இழுத்தார், சரியாக நான்கு நிமிடத்தில் பாடி முடித்தார். எல்லாரும் எழுந்து நின்றோம். அடுத்த பதிப்பில் அவர் பெயர் இடம்பெறும் என்று இயக்குநர் மைக்கில் அறிவித்தார். செவிஞானி கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையேறி அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தாம்மா உங்க குரல் உங்களுக்கே வந்திருக்கு."