சாமி மேடையில் என் பட்டம்

பாசிர் கூடாங்

மரியாதைக்குரிய மனோகரன் மாமாவுக்கு, ரூபினி எழுதுவது. வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள், சிகாமட் முழுக்கக் கேட்கும். நான் நலம். அத்தையும் லோஷினியும் நலமாக இருக்க வேண்டும்.

பட்டமளிப்பு விழாவுக்கு இரண்டு பேருக்குத்தான் இடம் என்று சொல்லியும் வேன் பிடித்துப் பதினொரு பேர் வந்தீர்கள். நீங்களும் அம்மாவும் உள்ளே, மற்றவர்கள் கார் நிறுத்துமிடத்தில் புளிச்சாதத்தோடு. நம் குடும்பத்தின் முதல் பட்டம், மேடையேறினால் மனதுக்குள் ஏதோ பெரிதாக நடக்கும் என்று நான்கு வருடம் நினைத்திருந்தேன். வாடகைத் தொப்பி நழுவியது, அவ்வளவுதான். நீங்கள் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டேன். “அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?” என்றீர்கள். எனக்கும் அதே கேள்விதான். வேலையும் அப்படித்தான் மாமா. சொந்த மேசை கிடைத்தது, ஆனால் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில். ஆறு மாதமாக என்னிடம் வந்த ஒரே கேள்வி, சுடுதண்ணி ஏன் வரல என்பதுதான். இந்த அழகில், வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை நேர்முகம் வைத்திருக்கிறார்கள்.

சொல்ல வந்தது வேறு. மேடையில் கொடுத்த சிவப்புச் சான்றிதழ்க் குழலை நீங்கள் வீட்டுச் சாமி மேடையில் வைத்துப் பொட்டு வைத்தீர்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்களாம். மாமா, அது காலி. மேடையில் எல்லாருக்கும் காலிக் குழல்தான். அங்கியைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கவுண்டரில் பழுப்பு உறையில் சான்றிதழ் தந்தார்கள். அன்றைக்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேர்முகத்துக்கு முதல் நாள் கோயில் மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா வைத்து எல்லார் முன்னாலும் நீங்கள் அதைத் திறந்து வாசிக்கப் போவதாக அம்மா சொன்னார். உங்களுக்குத் தலைகுனிவு வரக்கூடாது. சான்றிதழின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், யாரும் பார்க்காதபோது உள்ளே சுருட்டி வைத்துவிடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறையட்டும்.

இப்படிக்கு,
ரூபினி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் லோஷினி போனில் கூப்பிட்டாள். “அப்பா அன்னிக்கு வேன்லயே தொறந்து பாத்துட்டாரு, அக்கா. காலின்னு ஒனக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவியாம், வாயத் தொறக்காதன்னுட்டாரு. கோயில்ல படிக்க, கூகிள்ல ஒரு சான்றிதழப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டு இருக்காரு லா.”

உறையிலிருந்து நகலை வெளியே எடுத்துவிட்டேன். குழல் காலியாகவே இருக்கட்டும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கோயில் விழா முடிந்ததும், மறுநாள் நேர்முகத்துக்காக அதை நானும் ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும், மாமா. லோஷினி பக்கத்தில் இல்லாதபோது கொடுங்கள்.