மான்மேல் பழி

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை மார்லிஸ் மூன்றாவது முறையாகப் படித்தாள். எதிரே அவள் கணவன் டேரல் ஆறிப்போன காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"நம்ம காருக்கு வருஷக் கட்டணம் ரெண்டு மடங்காயிருக்கு. டேரல், நீ ஏதாவது பண்ணினியா?"

பண்ணியிருந்தான். ஜனவரி கடைசியில் அவள் மினசோட்டாவில் உள்ள தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, உறைந்த ஏரிமேல் உட்கார்ந்து மீன் பிடித்துவிட்டு, ஆறு பீர் குடித்த போதையோடு காரை எடுத்து, போலீஸிடம் ஊதிக் காட்டி மாட்டிக்கொண்டான். கோர்ட்டுத் தீர்ப்பு இப்போது கருவிப் பெட்டியில் ஸ்பானர்களுக்கு அடியில் கிடக்கிறது. "குடிச்சிட்டு வண்டியைத் தொட்டேன்னா, உங்கண்ணன் வீட்டோட போயிரு" என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னவள் மார்லிஸ். சொன்னால் செய்கிறவள்.

"மான் இடிச்சிருச்சு" என்றான்.

வாய்க்கு வந்த பொய் இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன் மாமனார் ஆர்வின் மானை இடித்ததும், அவருக்கும் இப்படியே கட்டணம் ஏறியதும் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், அந்த மானுக்குப் பிறகு மனசு கேட்காமல் வேலையையே விட்டுவிட்டார். அதன் கொம்பு பலகையில் பொருத்தி அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

"எங்க அடிபட்டிருக்கு?"

"முன் விளக்குப் பக்கம். நீ குளிச்சிட்டு வா, காட்டறேன்."

அவள் குளிக்கப் போனதும் சுத்தியலோடு, அவன் மட்டுமே ஓட்டும் கார் நிற்கும் கொட்டகைக்கு ஓடினான். ஒரு தட்டு போதும் என்று நினைத்தான். விளக்கு உடையவில்லை. மூன்றாவது தட்டில் விளக்கோடு பம்பரும் கழன்று விழுந்தது.

தலையைத் துவட்டியபடி வந்த மார்லிஸ் குனிந்து பார்த்தாள். "அவ்ளோ பெரிய மானா?"

"கொம்புள்ளது."

"செத்துப்போச்சா?"

"எழுந்து ஓடிருச்சு."

"பம்பரைக் கழட்டிட்டு?"

"தெம்பான மான்."

அவள் உடனே அப்பாவிடம் அழைத்துப் போனாள். ஆர்வின் கதையைக் கேட்டுவிட்டு மருமகனை வெகுநேரம் பார்த்தார்.

"எப்போ இடிச்ச?"

"ஜனவரி கடைசியில, மாமா."

"அந்நேரம் கொம்பெல்லாம் உதிர்ந்திருக்குமே."

"இதுக்கு உதிரல."

ஆர்வின் மேற்கொண்டு கிளறவில்லை. "சரி, விட்டுத் தொலைங்க. கேட்டதைக் கட்டிட்டுப் போங்க."

"ஏன்ப்பா விடணும்? குறுக்க வந்தது மான். உங்ககிட்டயும் இப்படித்தானே பிடுங்கினாங்க? ரெண்டு மானுக்கும் சேர்த்துக் கேட்டுட்டு வந்துரலாம், கிளம்புங்க."

"எனக்கு முட்டி வலிக்குதும்மா."

"வண்டியிலதானே போறோம்?"

சாட்சிக்கு இருக்கட்டும் என்று கொம்பைச் சுவரிலிருந்து கழற்றி அவர் மடியிலேயே வைத்தாள். வழி நெடுக மாமனாரும் மருமகனும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஊரில் இருப்பது ஒரே காப்பீட்டு அலுவலகம். நாற்பது வருஷமாக அதில் டோரீன் அம்மாள்தான். மார்லிஸ் கொம்பை மேஜைமேல் வைத்து நியாயம் கேட்டு முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. பிறகு கணினியைப் பார்த்தாள்.

"மான் இடிச்சா நாங்க கட்டணம் ஏத்தறதில்லம்மா. அது யார் தப்பும் இல்லையே. குடிச்சிட்டு ஓட்டினதா கோர்ட்டுல தீர்ப்பு வந்தாத்தான் இப்படி ஏறும். உன் வீட்டுக்காரருக்கு மார்ச்சுல வந்திருக்கு. மூணு வருஷத்துக்கு இறங்காது."

மார்லிஸ் மெதுவாகத் திரும்பினாள். டேரல் தரையைப் பார்த்தான். முட்டி வலிக்காரர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"குடிச்சிட்டு ஓட்டினியாடா? வெக்கமா இல்ல? நீ வாம்மா, நாம போலாம். இவன் நடந்து வரட்டும்."

மார்லிஸ் நகரவில்லை.

"இருங்கப்பா. மானுக்கு ஏத்த மாட்டாங்கன்னா, உங்களுக்கு எதுக்கு ஏறிச்சு?"

ஆர்வின் கொம்பை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் டோரீன் அம்மாள் அதைத் திருப்பி, பலகையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்ன ஆர்வின், எங்க வீட்டுக்காரர் கடையில வாங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு, அவர் ஒட்டின விலைச்சீட்டை இன்னும் பிய்க்கலையா?"