இருநூற்றுப் பதினான்கு குழிகள்

சும்மா உட்காரத் தெரியாத ஆளை வீட்டில் தனியாக விடக் கூடாது. என்னைத்தான் சொல்கிறேன்.

ஓசூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். வார்த்த பாகத்தில் காற்று சிக்கிக் குழி விழுந்தால் அதற்கு 'ப்ளோ ஹோல்' என்று பெயர். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. இரண்டாயிரத்து ஆறில் ஓய்வு பெற்றேன். பதினோரு நாள் தாக்குப்பிடித்தேன். பன்னிரண்டாம் நாளிலிருந்து மாடிப்படி, இட்லித் தட்டின் துளைகள், எதிர்வீட்டுக்காரரின் தும்மல் என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். (தும்மல், காலையில் சராசரி ஒன்பது.)

மருமகள் சுமா பெங்களூர்ப் பெண். ஓவியக் கல்லூரியில் படித்தவள். போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனி, வரவேற்பறைச் சுவருக்குப் புடைப்புச் சிற்பம் ஒன்று கேட்டிருந்தது. அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஆறடிக்கு நாலடிப் பலகையில், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் எங்கள் ஊரே எழும்பி நின்றது: ஹவுசிங் போர்டு வீடுகள், ஷீட் கூரைகள், புகைபோக்கிகள், மேம்பாலம். இரண்டு மாத உழைப்பு. திங்கட்கிழமை காலை வண்டி வந்து ஏற்றிப்போகும் என்று ஏற்பாடு.

சனிக்கிழமை காலை என் மனைவி சரோஜாவோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது சுமா சொன்னாள்: "மாமா, யாரும் தொடாம பாத்துக்கங்க."

அந்த 'யாரும்' என்பதில் நானும் அடக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பத்து நிமிடம் தள்ளி நின்று பார்த்தேன். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலங்குலத்தில் பார்த்தேன். பகீரென்றது. குழி! கட்டடம் பூராவும் குழி! எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு. ஒன்று போல இன்னொன்று இல்லை. முதல் வேலையே ரிஜெக்ட் ஆகிவிடுமே! சுவருக்குப் பூசியதில் மிஞ்சிய பட்டி அரை டப்பா இருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஒரு குழி விடாமல் அடைத்து, ஈரத்துணியால் வழித்துவிட்டேன். தடவிப் பார்த்தால் பளிங்கு மாதிரி இருந்தது.

திரும்பி வந்த சுமா, பையைக் கீழே விட்டாள். தக்காளிகள் உருண்டன. கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

"ஏனு மாடிதீரா மாவா!" என்ன செய்து வைத்தீர்கள் என்று கேட்கிறாள்.

"ஒண்ணுமில்லம்மா. ப்ளோ ஹோல் அத்தனையும் அடைச்சுட்டேன். இனிமே எவனும் குறை சொல்ல முடியாது."

"அது ஜன்னல் மாமா!"

"ஜன்னல்னா கம்பி இருக்கணுமேம்மா?"

சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரையே மூச்சு முட்ட வெச்சுட்டீங்களே! உங்களை எப்படித்தான் முப்பத்தோரு வருசம் வேலைல வெச்சிருந்தாங்களோ!"

சுமா அழுதாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே ஒரு கூரான கருவியை எடுத்து உட்கார்ந்தாள். அன்றைக்கும் மறுநாளும் ஒவ்வொரு ஜன்னலாகக் கிண்டித் திறந்தாள். நான் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே, "எழுபத்திரண்டு… எழுபத்து மூணு…" என்றேன்.

"வாயை மூடிட்டு எண்ணுங்க!" என்றாள் சரோஜா. மனசுக்குள் எண்ணினேன்.

ஞாயிறு சாயங்காலம் சுமா கருவியைக் கீழே வைத்தபோது என் கணக்கு இருநூற்றுப் பதின்மூன்றில் நின்றது.

"இன்னும் ஒண்ணு பாக்கிம்மா," என்று ஒரு மூன்றாம் மாடியைக் காட்டினேன்.

இரண்டு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். "இருக்கட்டும் மாமா. அது உங்க ரூமு. அடைச்சு வெச்சாதான் ஊருக்கு நல்லது."

சிற்பம் இன்றும் அந்த வரவேற்பறையில் இருக்கிறது. அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு வந்து, "பெரியப்பா, ரூம்ல காத்து வருதா?" என்று விசாரிக்கிறார்கள். இதுவரை பதினேழு பேர்.