பொட்டி கூப்பிடும் கடைசிப் பெயர்

மயிலாப்பூரில் பேய்க்குப் பயப்படாதவர்கள் உண்டு. பொட்டி மாமாவின் பொட்டிக்குப் பயப்படாதவர் என்று நான்கு மாட வீதிகளிலும் ஒருவரைக் காட்ட முடியாது. தொண்ணூறுகளின் பின்பாதி. ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதியில் நடந்த நர்சரிப் பள்ளியில் நான் யு.கே.ஜி. டீச்சர். பகலிலேயே லைட் போட வேண்டிய வகுப்பறை. அங்கேதான் பொட்டி மாமா டர்க்கி டவலில் எதையோ சுற்றி, கைக்குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு வந்தார்.

“லேப்டாப். பிள்ளை அமெரிக்காலேர்ந்து அனுப்பினான். ஆத்துல நாங்க ரெண்டு கிழங்கள், எங்களுக்கு எழுத்தெல்லாம் தெரியும். தினம் இங்க கொண்டுண்டு வரேன், குழந்தைகள் கத்துக்கும்.”

பேங்கில் ஓய்வு பெற்றவர், பரம சாது. ஆனால் பொட்டி விஷயத்தில் கறார். அதன் எதிரே செருப்பு கூடாது, கை அலம்பாமல் தொடக்கூடாது. டவலுக்குள் இருந்தால் அது தூங்குகிறது என்று அர்த்தம். எங்கள் கரஸ்பாண்டென்டே அதைத் தாண்டும்போது நுனிக்காலில் நடந்தார்.

சுவிட்சைப் போட்டால் பொட்டி, மாமா அதில் பதிந்து வைத்திருந்த அவர் குரலிலேயே கனைத்துக்கொண்டு குழந்தைகளை ஒவ்வொருவராகக் கூப்பிடும். அந்தக் குழந்தை போய் கீபோர்டின் அடி வரிசையில் இருக்கும் நீளக் கட்டையைத் தட்டி, “பிரசண்ட் மிஸ்” சொல்ல வேண்டும். தட்டினால் பெயரின் முதல் எழுத்து திரை முழுக்க வரும். தட்டாவிட்டால் விடாது, கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கடைசிப் பெயர் “பொட்டி மாமா.” குட்டி நாற்காலியிலிருந்து உடம்பை உருவிக்கொண்டு எழுந்து, கட்டையைத் தட்டி, தன் பேத்தி வயதுள்ள எனக்குக் கைகட்டி, “பிரசண்ட் மிஸ்” என்பார்.

ஒரு நாள் கரண்ட் போனது. இருட்டில் நீல வெளிச்சம் மட்டும். அதிலிருந்து, “ரமேஷ்... ரமேஷ்...” மாமாவோ வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆயா பால் தூக்கைக் கீழே போட்டாள்.

“இன்னா டீச்சர் இது, ஆளு வெளிய நிக்கிறாரு, கொரலு உள்ள கீது?”

“பேட்டரி இருக்கு ஆயா.”

“சைதாப்பேட்டைல எங்க தெருவுல ஒருத்திக்கு இப்டிதான் ஆரம்பிச்சுது.”

மறுநாளிலிருந்து ஆயா பொட்டிக்குக் கற்பூரம் காட்டினாள்.

வகுப்பில் கற்பகம் என்று ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் வாயே திறந்ததில்லை. வருஷம் முடிவதற்குள் பேசாவிட்டால் ஒன்றாம் கிளாஸ் கிடையாது என்று கரஸ்பாண்டென்ட் சொல்லிவிட்டார். பொட்டி கூப்பிட்டால் போவாள், தட்டுவாள், உதடு மட்டும் பிரியாது. ஒரு தடவை ரமேஷ் அவளுக்காக “பிரசண்ட் மிஸ்” சொன்னான். மாமா கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

“ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்லப்படாது. அவ சொல்லுவா. காத்துண்டிருப்போம்.”

மார்ச்சில் இரண்டு வாரம் அவர் வரவில்லை. பிறகு அவர் மனைவி டவல் மூட்டையோடு வந்தார்.

“தூக்கத்துலயே போயிட்டார்மா. இது குழந்தைகளோடதுன்னு சொல்லிண்டே இருப்பார்.”

மாமா ஊருக்குப் போயிருக்கிறார் என்று குழந்தைகளிடம் சொன்னேன். அவர்கள் நச்சரித்ததால் சுவிட்சைப் போட்டேன். போடும்வரை அந்தக் குரல் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

முதலில் கனைப்பு. ஆயா வாசற்படியில் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். குழந்தைகள் சந்தோஷமாகப் போய்ப் போய்த் தட்டினார்கள். கற்பகம் வழக்கம்போல் வாய் திறக்காமல் தட்டிவிட்டு வந்தாள்.

“பொட்டி மாமா.”

எல்லோரும் அந்தக் குட்டி நாற்காலியைப் பார்த்தார்கள்.

“பொட்டி மாமா.”

அணைக்கப் போன என் கை பாதியில் நின்றது. மூன்றாம் தடவை. நான்காம் தடவை. அவர் குரலில் அவரையே தேடிக்கொண்டிருந்தது.

கற்பகம் எழுந்து போனாள். கட்டையைத் தட்டினாள். நாற்காலியை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“பிரசண்ட் மிஸ்.”

கரகரவென்று சின்னக் குரல். பொட்டி அடங்கியது. நான் எல்லோர் எதிரிலும் அழுதேன்.

ஒருத்தருக்காக இன்னொருத்தர் சொல்லக்கூடாது என்பது அவர் சட்டம். நான் அவளைக் கண்டிக்கவில்லை. அட்டெண்டன்ஸில் கடைசி வரியில் பென்சிலால் அவர் பெயரை எழுதி டிக் அடித்தேன். கற்பகம் ஒன்றாம் கிளாஸுக்குப் போகும்வரை ஒரு நாள்கூட மாமாவுக்கு ஆப்சென்ட் விழவில்லை.