கேக் மேல் உட்கார்ந்தவனும் ஒரு ஸாரியும்

அன்பும் மரியாதையும் மிக்க மேவிஸ் அக்கா அவர்களுக்கு, தங்கள் தங்கை எனிட்டின் கணவன் ஹெர்பர்ட் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பூனையும் நலம். அங்கு தங்கள் மூட்டுவலியும், ஸ்கார்பரோவின் கடல் காற்றும், கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் என் மனைவியும் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய ஆவல்.

எனிட் நடந்ததைச் சொல்லியிருப்பாள். அதில் கேக் இருந்திருக்கும், அகராதி இருந்திருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், மழை பெய்யும் நாட்களில், அதாவது எல்லா நாட்களிலும், நான் நூலகத்தில் போய்க் குளிர் காய்வது தங்களுக்குத் தெரியும். கணப்பு அருகே உள்ள நாற்காலியிலிருந்து கைக்கு எட்டும் ஒரே புத்தகம் அந்தப் பெரிய அகராதி. அதில் ஒருநாள் ‘ஸாரி’ என்ற சொல்லின் பூர்வீகத்தைப் படித்துத் தூக்கிவாரிப் போட்டது. ஆதியில் அது வலியிலிருந்து பிறந்த சொல்லாம், அக்கா. புண்பட்டவன், உள்ளே நொந்து கிடப்பவன் சொல்ல வேண்டியது. துக்கத்துக்கு நாம் சொல்லும் ‘ஸாரோ’கூட அதற்கு உறவில்லையாம், முகஜாடைதான் ஒன்று. அப்பேர்ப்பட்ட சொல்லை நாம் என்ன பாடு படுத்துகிறோம்? உப்பை நகர்த்தச் சொல்வதற்கு ஸாரி, மழைக்கு ஸாரி, காது கேட்காவிட்டால் ஸாரி, ஒருவன் நம் காலை மிதித்தால் மிதிபட்ட நாம் ஸாரி. வேலையில் இருந்த காலம் முழுக்க, டிக்கெட் இல்லாமல் வந்தவனிடம் நான்தான் ஸாரி சொல்லியிருக்கிறேன். இனி நிஜமாக வலித்தாலொழிய அந்த வார்த்தையை வாயில் எடுப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

முதலில் பேருந்து வரிசை. எதிர்வீட்டுத் திருமதி பிக்கர்ஸ்கில்லின் தொப்பி என் குடைக்கம்பியில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. பணிவாகத் திருப்பிக் கொடுத்தேன். வரிசை முழுவதும் என் வாயையே பார்த்தது. எனக்கு எங்கும் வலிக்கவில்லை, சும்மா நின்றேன். மறுநாளிலிருந்து வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் ஓர் ஆள் அளவு இடம் காலியாக இருக்கிறது. பிறகு மதுக்கடையில் யாரோ ஒருவரின் பீரைத் தட்டிவிட்டு அதே மாதிரி நின்றேன், அங்கே பேச்சே நின்றுபோனது. பாதிரியார் வீடு தேடி வந்து, சுற்றி வளைத்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்து, தேநீர் குடித்துவிட்டு, ஸாரி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து அந்தக் கேக். தேவாலயக் கூடத்துப் போட்டியில் வருடா வருடம் திருமதி பிக்கர்ஸ்கில்தான் முதல் பரிசு. இந்த முறை அவளை மண்ணைக் கவ்வ வைத்துவிட வேண்டும் என்று எனிட் விடிகாலையில் எழுந்து செய்த ஸ்பாஞ்ச் கேக், நடுவில் ராஸ்ப்பெர்ரி ஜாம். காரின் பின்கதவைத் திறக்கும்போது அதை ஒரு நொடி என் இருக்கையில் வைத்திருக்கிறாள். மழை, குடை, அவசரம். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கத்தவில்லை. “ஏதாவது சொல்லணும்னு தோணலையா, ஹெர்பர்ட்?” என்றாள்.

பொய் சொல்லக்கூடாதல்லவா? எழுந்து நின்று என்னை நானே நன்றாகச் சோதித்துப் பார்த்துக்கொண்டேன். “வலிக்கல எனிட். மெத்துனு இருந்துச்சு” என்றேன்.

பாராட்டாகத்தான் சொன்னேன், அக்கா. நடுவர்கள்கூட ஒரு கேக்கைப் பற்றி அதைவிட நல்ல வார்த்தை சொல்லியிருக்க முடியாது. அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழக்க தோஷத்தில் கெட்டிலில் இன்னும் இரண்டு பேருக்குத்தான் தண்ணீர் வைக்கிறேன். மீதித் தேநீரைக் கொட்டும்போது வலிக்கிறது. எந்த இடம் என்று தொட்டுக் காட்டத் தெரியவில்லை, ஆனால் வலிக்கிறது. அகராதிப்படி எனக்கு இப்போது முழுத் தகுதி வந்துவிட்டது. அந்த வார்த்தையைக் கடிதத்தில் எழுதி வீணாக்காமல், சனிக்கிழமை ரயிலில் வந்து அவள் முகத்துக்கு நேராகச் சொல்லப் போகிறேன். கதவைத் தாழிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது தங்கள் பொறுப்பு.

தங்கள் மூட்டுகளுக்கு என் வணக்கமும், வீட்டில் அனைவருக்கும் என் அன்பும்.

இப்படிக்கு,
இன்னமும் தங்கள் தங்கையின் கணவன் என்று நம்பும்,
ஹெர்பர்ட் ஓல்ட்ராய்ட்

பின்குறிப்பு: உறையில் தபால்தலையை ஒட்டிவிட்டு நிமிர்கிறேன், பின்கதவு திறக்கிறது. எனிட். மழைக்கோட்டை எடுத்துப் போகத்தான் வந்தாளாம். பெட்டியும் கையுமாக வந்தவள் நேராக என் கால் ஆணியின் மேல் ஏறி நின்றாள். உயிர் போகும் வலி. “ஸாரி” என்று நான்தான் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். “இதைச் சொல்ல இத்தனை நாளா?” என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் பின்னால் போய் நின்று, தங்கள் வீட்டு வாசலில் சொல்வதற்காகச் சேர்த்து வைத்திருந்த நிஜமான ஒன்றையும் சொன்னேன். அந்த நேரம் பார்த்துக் கெட்டில் விசிலடித்துத் தொலைத்தது. “ஸாரி?” என்று காதைத் திருப்பினாள். சர்க்கரை எங்கே என்று கேட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே அவளிடம் இப்போது இருப்பது கால் ஆணிக்குச் சொன்னதுதான், தயவுசெய்து காட்டிக் கொடுத்துவிடாதீர்கள். தபால்தலையை வீணாக்க மனமில்லாமல்தான் இதை அனுப்புகிறேன். சனிக்கிழமை நான் வரவில்லை. ஸாரி.