நாலாவது அடி

மலாயாவின் ரந்தாவ் போலீஸ் நிலைய மேசையில் இன்ஸ்பெக்டர் மைக்கல்ராஜ் பதினோரு வாழ்த்துமடல்களைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரே வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

'பனியோடு வந்தவர் பாலோடு போவார்.'

"கல்யாணத்துக்கும் இதே வரி, காதுகுத்துக்கும் இதே வரி, கருமாதிக்கும் இதே வரி. என்ன கிராணியாரே இது?"

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் மடல்களை எட்டிப் பார்த்தார். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விசேஷம் என்றால் மடல் எழுதி, ஒலிபெருக்கியில் வாசிப்பவர் அவர்தான்.

"நாலாவது அடியில முட்டிக்கிட்டு நின்னுடுவேன் சார். அப்போ அது தானா வந்து உட்கார்ந்துக்கும்."

"தானாவா? நீங்க வாசிச்ச மறுநாளெல்லாம் காட்டோரம் காலடித் தடம். பதினோரு தடவை! காட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுக்காரனைக் கூப்பிடுற சங்கேதம்தானே? இன்னொரு தடவை தடம் விழுந்தா அவசரகாலச் சட்டத்துல இந்தியாவுக்குக் கப்பலேத்திடுவேன். நாகப்பட்டினத்துல போய்ப் பாடுங்க."

"நான் பொறந்ததே இங்க பக்கத்துல லுக்குட்ல சார்!"

"கப்பலுக்கு அது தெரியாது லா."

தடத்தைவிட மோசமான ஒன்றும் அமிர்தலிங்கத்துக்குத் தெரியும். அந்த வரியை வாசித்து முடித்ததும் காட்டுப் பக்கம் சில்வண்டுகள் ஒருசேர நின்றுவிடும். ரப்பர் மரங்களுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது போலிருக்கும். மனைவியிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம். அமிர்தலிங்கம் அந்த வரியை விட்டுவிட்டு, 'பல்லாண்டு வாழ்க' என்று அவசரமாக முடித்தார். கூட்டம் அசையவில்லை.

"பெரிய வரிய முழுங்கிட்டீங்களே!" என்றாள் பெண்ணின் தாய் பஞ்சாலை. "எம்மவ கல்யாணத்துக்கு மட்டும் கொறையா?"

சொன்னதோடு நிற்காமல் ஒலிபெருக்கியைப் பிடுங்கி அவளே எடுத்துக் கொடுத்தாள். இருநூறு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். சில்வண்டுகள் நின்றன. மறுநாள் தடம் மூன்று மடங்காக இருந்தது.

"இருநூறு பேரையும் கப்பலேத்த முடியாது. ஒரே வழிதான் இருக்கு," என்றார் மைக்கல்ராஜ். "காட்டுக்காரங்களைச் சரணடையச் சொல்லி ஒரு பாட்டு. விமானத்துல போட. என் கண்ணு முன்னால எழுதுங்க. அந்த வரி வந்தா கையை ஒடிப்பேன்."

மூன்று அடி வந்தது. நாலாவது வரவில்லை. ஒரு மணி நேரம் பென்சிலைக் கடித்துப் பார்த்தும் வரவில்லை. கடைசியில் பொறுமையிழந்து மைக்கல்ராஜே ஓர் அடி சொன்னார். அது கச்சிதமாகப் பொருந்தியது. கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினார்.

இருபதாயிரம் தாள்களை விமானம் காட்டின் மேல் கொட்டிய பிறகுதான் இருவரும் நிதானமாக வாசித்துப் பார்த்தார்கள்.

"'பனியோடு வந்தவர்...' நாலாவது அடியா இந்த வரியை யாரு சொன்னது?"

"நீங்கதான் சார்."

"எனக்கு ஞாபகமே இல்லையே..." மைக்கல்ராஜ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் விடிந்தபோது நிலையத்தைப் பனி மூடியிருந்தது. கப்பலுக்குத் தயாராகத் தகரப்பெட்டியோடு வந்திருந்தார் அமிர்தலிங்கம். மைக்கல்ராஜ் துப்பாக்கியோடு வாசலில் நின்றார். பனிக்குள் வெறுங்கால்கள் நடக்கும் சத்தம் கேட்டது. ஒருவர், இருவர்... ஒன்பது பேர். கைகள் தலைக்கு மேலே. ஒவ்வொரு கையிலும் அந்தத் தாள்.

முன்னால் வந்த ஒல்லி மனிதன் மாயாண்டி சொன்னான்:

"இந்த வரி ஒலிபெருக்கியில கேட்டாலே, இது பட்டாளத்துக்குக் கொடுக்குற சங்கேதம், பட்டாளம் கிளம்பிடுச்சுன்னு கூடாரத்தைத் தூக்கிட்டு ஓடுவோமுங்க. பன்னெண்டு தடவை ஓடியாச்சு. இப்போ வானத்துலருந்தே விழுது, இனிமே எங்கேங்க ஓடுறது?"